இரண்டடிக்கு இரண்டடி வலையில் சாமந்தி

வீட்டுக்குள் விளக்கு வைத்துச் சாமந்தி வளர்ப்பது பற்றி இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. மாலை ஐந்து மணிக்கே கறுப்புத் துணி போட்டு மூடு, இருட்டு கொடுத்தால்தான் மொட்டு வரும் என்று ஆரம்பிப்பார்கள். அதை அப்படியே பெங்களூரில் செய்தால் ஒரு சாண் உயரத்தில் நாலு பூ பூத்துச் செடி நின்றுவிடும்.

காரணம் நம் ஊரின் பகல். பெங்களூர் 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஜூன் மாதத்து நீளமான பகலே சுமார் 12 மணி 50 நிமிடம்தான். டிசம்பரில் சுமார் 11 மணி 20 நிமிடம். சாமந்தி இரவின் நீளத்தை அளந்து பூக்கும் செடி. பெரும்பாலான ரகங்களில் பகல் ஏறக்குறைய பதின்மூன்றரை மணி நேரத்துக்குக் கீழே இறங்கினாலே மொட்டுக் கட்டத் தொடங்கும். ஆக, இங்கே வருடம் முழுக்க அது பூக்கத் தயாராகவே நிற்கிறது. தொட்டிகளுக்கு மேலே ஒரு கயிற்று வலை கட்டி, தண்டுகளை அதன் அடியில் படுக்க வைத்து வளர்ப்பதுதான் இங்கே சொல்லும் முறை. வலையின் கட்டங்கள் நிரம்பும்வரை செடியைப் பூக்கவிடாமல் வைத்திருப்பதுதான் நம் வேலையில் பாதி. பெங்களூருக்கு வடக்கே சிக்கபள்ளாபூர் பக்கம் இரவில் போனால் சாமந்தித் தோட்டத்தில் வரிசை வரிசையாக எல்இடி பல்பு எரிவதைப் பார்க்கலாம். அந்த விவசாயிகள் நடு இரவில் இருட்டை உடைத்துச் செடியை ஏமாற்றி, தண்டு நீளும்வரை வளரவிடுகிறார்கள். வீட்டிலும் அதே கணக்குதான்.

இடத்துக்குச் சமையலறையை ஒட்டிய யூட்டிலிட்டி போதும். இரண்டடிக்கு இரண்டடித் தரை, ஐந்தடி உயரம். அதில் எட்டு அங்குலத் தொட்டி நான்கு. மேலே 80 வாட் அளவில் நல்ல முழு நிறமாலை எல்இடி பலகை ஒன்று, வலையிலிருந்து ஒன்றே கால் அடி உயரத்தில். விளக்குச் சங்கிலியை ஏற்றி இறக்கும்படி மாட்டுங்கள். காற்று ஓட ஆறு அங்குல கிளிப் ஃபேன் ஒன்று. பெங்களூரின் எலெக்ட்ரிக்கல் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் விளக்கு, ஃபேன் எல்லாம் கிடைக்கும். டைமர் வாங்கும்போது மட்டும் உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமராகப் பார்த்து வாங்குங்கள். பல் சக்கரம் வைத்த மெக்கானிக்கல் டைமர் கரண்ட் போனால் நின்றுவிடும். ஒரு வாரத்தில் மூன்று மணி நேர மின்தடை என்றால் உங்கள் இரவு மூன்று மணி நேரம் தள்ளிப்போயிருக்கும். செடி வாடாது, இலை பழுக்காது, மொட்டு மட்டும் கோணலாக வரும்போதுதான் தெரியும்.

நுனியை வெட்டி நடுவதற்காக வளர்க்கும் தாய்ச்செடியில்தான் எல்லாமே இருக்கிறது. லால்பாக் பக்கத்துச் சித்தாபுரா நர்சரிகளில் கேட்டால் கிடைக்கும். கன்னடத்தில் 'சேவந்திகே சசி' என்று கேளுங்கள். பூத்துக் குலுங்கும் தொட்டியைப் பார்த்து மயங்கி வாங்காதீர்கள். மொட்டு வைத்துவிட்ட செடியின் நுனியிலிருந்து எடுத்த கட்டிங் வேர் விட்ட கையோடு மொட்டு வைக்கும். பூத்த செடிதான் கிடைத்தது என்றால் தரையிலிருந்து நாலு விரல் விட்டு வெட்டிவிட்டு, அடியிலிருந்து கிளம்பும் புதுத்தூரை மட்டும் தாயாக வளர்த்தெடுங்கள். உதிரிப்பூவுக்கான ரகங்களில் பூர்ணிமா இந்த வலைமுறைக்கு நன்றாக ஒத்துவரும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1, எம்.டி.யூ 1 இரண்டும் மஞ்சள், அவையும் சரிதான். நர்சரிக்காரர் 'பாட் மம்' என்று தரும் குட்டை ரகங்கள் வேண்டாம். வளர்ச்சியை அடக்கும் மருந்து அடித்தே பலவற்றை விற்கிறார்கள். வலை வரைக்கும் தண்டு எட்டாது.

தாய்ச்செடிக்குத் தினமும் 16 மணி நேர வெளிச்சம். காலை ஆறுக்குப் போட்டு இரவு பத்துக்கு அணைத்தால் சரி. ஜன்னல் வெளிச்சமே போதும் என்று பால்கனியில் தாயை வைப்பவர்கள் இரவு பத்திலிருந்து இரண்டு வரை ஒரு 9 வாட் வார்ம் ஒயிட் பல்பைத் தலைக்கு மேல் எரியவிடுங்கள். மொட்டைத் தடுக்கச் சிவப்புக் கலந்த ஒளிதான் வேலை செய்கிறது; அதனால் வெள்ளை வெளேரென்ற பல்பைவிட மஞ்சள் பல்பு மேல். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை தாயை மாற்றிவிடுங்கள். வயதான தாயின் நுனி மரத்துப்போய் வேர் பிடிக்கத் தாமதிக்கும், விளக்கு எரிந்தாலும் மொட்டு எட்டிப் பார்க்கும்.

கட்டிங் எடுக்க முந்தைய நாள் மாலையே தாய்க்கு நன்றாகத் தண்ணீர் விடுங்கள். காலையில், பூவோ மொட்டோ இல்லாத நுனியாகப் பார்த்து 6 செ.மீ நீளத்துக்கு எடுக்க வேண்டும். வளைத்தால் 'டக்'கென்று ஒடிய வேண்டும். வளைந்து நார் தொங்கினால் அது முற்றிய தண்டு. கீழ் இரண்டு இலையைக் கிள்ளிவிட்டு, அடி அரை அங்குலத்தை ஐபிஏ வேர்த்தூளில் தொட்டு, தட்டி உதறி நடுங்கள். 1000 முதல் 2000 பிபிஎம் தூள் போதும். அப்பிவிட்டால் அடி கறுத்து அழுகும். நடும் கலவை மூன்று பங்கு கோகோபீட் (தென்னை நார்த்தூள்), ஒரு பங்கு பெர்லைட் (பொரித்த எரிமலைக்கல் துகள்). கையில் பிடித்துப் பிழிந்தால் ஒரு சொட்டு இரண்டு சொட்டு விழலாம், ஒழுகக் கூடாது. மேலே ஒளி ஊடுருவும் டப்பாவைக் கவிழ்த்து, தினம் இருமுறை திறந்து மூடுங்கள். இந்த நாட்களிலும் 16 மணி நேர வெளிச்சம் உண்டு, ஆனால் விளக்கு தூரத்தில் இருக்கட்டும். பத்திலிருந்து பதினைந்து நாளில் வேர் வரும். மெல்ல இழுத்துப் பார்த்தால் பிடிமானம் தெரியும்; தெரிந்த பிறகு மூடியை மூன்று நாளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.

பிளேடு பற்றி ஒரு எச்சரிக்கை. சாமந்தியில் குட்டை நோய் என்று ஒன்று இருக்கிறது. வைரஸைவிடச் சிறிய வைராய்டு அதை உண்டாக்குகிறது. இலை சிறுத்து, செடி பாதி உயரத்தில் நின்று, பூவும் சின்னதாகும். மருந்து கிடையாது. ஒரு தாயிடமிருந்து இன்னொன்றுக்குக் கத்தி வழியாகப் போகும். ஸ்பிரிட்டில் துடைப்பது இதற்கு நம்பத்தக்கதல்ல. வீட்டு பிளீச்சை ஒன்றுக்கு ஒன்பது தண்ணீரில் கலந்து, ஒவ்வொரு தாய்க்கும் நடுவில் பிளேடை முக்கி எடுங்கள். சந்தேகமான தாயைத் தொட்டியோடு வெளியேற்றுவதுதான் ஒரே வழி. ரகம் அருமையானது என்று வைத்துப் பார்க்காதீர்கள்.

வேர் வந்த நான்கு கட்டிங்கைத் தொட்டிக்கு ஒன்றாக நடுங்கள். தொட்டிக் கலவை கோகோபீட் பாதி, மண்புழு உரம் கால், பெர்லைட் கால். கோகோபீட் கட்டியை ஊறவைத்து, வடியும் நீர் தெளியும்வரை இரண்டு மூன்று முறை அலசிவிடுங்கள். உப்பு நிறைய இருக்கும். தண்ணீர் விஷயத்தில் பெங்களூர்க்காரர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். காவிரித் தண்ணீர் வந்தால் கவலையில்லை. போர்வெல், டேங்கர் தண்ணீர் கடினமானது. இலை ஓரம் கருகுவதும் புதுத்தளிர் வெளிறுவதும் அங்கிருந்துதான். மழைநீர் சேமிப்பு இருக்கும் கட்டிடமென்றால் பாதிக்குப் பாதி கலந்து விடுங்கள். ஆர்ஓ மெஷின் கழித்துத் தள்ளும் நீரைச் செடிக்கு விடவே வேண்டாம், உப்பு முழுவதும் அதில்தான் சேர்ந்திருக்கிறது. உரமாக 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள, நீரில் கரையும் உரம்) லிட்டருக்கு ஒரு கிராம், வாரம் இருமுறை. கால்சியம் நைட்ரேட்டும் லிட்டருக்கு ஒரு கிராம், வாரம் ஒருமுறை, வேறொரு நாளில். இரண்டையும் ஒரே வாளியில் கலந்தால் பால்போல் திரிந்து அடியில் படியும். படிந்தது செடிக்குப் போகாது.

வலை. அரை அங்குல பிவிசி பைப், நான்கு எல்போ, இரண்டடிச் சதுரம். அதில் மெல்லிய நைலான் கயிற்றை இரு திசையிலும் ஏழரை செ.மீ இடைவெளியில் இழுத்துக் கட்டினால் எட்டுக்கு எட்டு, 64 கட்டம் வரும். இரும்பு வெல்டு மெஷ் வேண்டாம், காற்றில் அசையும்போது தண்டின் தோலை அறுத்துவிடும். தொட்டி மண்ணிலிருந்து 20 செ.மீ உயரத்தில் வலை, நான்கு மூலையும் அசையாமல். கட்டத்துக்கு ஒரு தண்டு என்பது இலக்கு. செடிக்குப் பதினாறு தண்டு. பூ வியாபாரத்துக்கு வளர்ப்பவர்கள் இதே வலையைச் செடி சாயாமல் இருக்கத்தான் கட்டுகிறார்கள், வளர வளர உயர்த்திக்கொண்டே போவார்கள். நாம் வலையை உயர்த்துவதில்லை, தண்டைத்தான் அதன் அடியில் படுக்க வைக்கிறோம். ஒரே கட்டிங்கிலிருந்து நூற்றுக்கணக்கான பூவைச் சட்டத்தில் கட்டி எழுப்பும் ஓசுகுரி என்ற முறை ஜப்பானில் இருக்கிறது; டோக்கியோ ஷின்ஜுகு கியோயென் தோட்டத்தில் நவம்பரில் அதைக் காட்சிக்கு வைப்பார்கள். நாம் செய்வது அதற்குத் தூரத்துச் சொந்தம்.

தொட்டிக்கு மாற்றிப் பத்துப் பன்னிரண்டு நாளில், ஆறு இலை விட்டு நுனியைக் கிள்ளுங்கள். நகத்தால் ஒரு சிட்டிகைதான். நீளமாக வெட்டினால் மேல் இரண்டு கிளைதான் கிளம்பும். ஐந்தாறு பக்கக்கிளை வந்து வலையைத் தாண்டி நாலு விரல் எட்டியதும் மடக்க ஆரம்பிக்கலாம். சாமந்தித் தண்டு கணுவில் முறுக்குப்போல முறியும். இதுதான் இந்த முறையில் எல்லாரும் இழக்கும் இடம். மடக்கும் நாளில் காலையில் தண்ணீர் விடாதீர்கள். பிற்பகல் மூன்று மணிக்கு நுனி லேசாகத் துவண்டு நிற்கும், அப்போது செய்யுங்கள். இடது கை கட்டைவிரலும் ஆள்காட்டியும் கணுவுக்குக் கீழே தாங்கிப் பிடிக்க, வலது கையால் நுனிப்பக்கம் எட்டு செ.மீ பச்சைப் பகுதியை மட்டும் மெல்ல அழுத்தி, கயிற்றுக்கு அடியில் நுழைத்து, அடுத்த கட்டத்தில் நுனியை எட்டிப் பார்க்க விடுங்கள். ஒருநாளைக்கு ஒரு தண்டுக்கு ஒரு கட்டம் போதும். முறிந்துவிட்டால் கிள்ளி எறிய வேண்டாம்: பாதி நார் ஒட்டியிருந்தால் சேர்த்துப் பிடித்து மைக்ரோபோர் டேப் சுற்றுங்கள், பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். இந்த இலைச் சாறு சிலருக்குத் தோலில் அரிப்பைக் கிளப்பும், கையுறை நல்லது.

படுத்த தண்டின் ஒவ்வொரு கணுவிலிருந்தும் குருத்து நிமிரும், ஏனென்றால் நுனி மட்டும் இனி உயரத்தில் இல்லை. கட்டத்துக்கு ஒன்றை வைத்துக்கொண்டு மிச்சத்தை எடுத்துவிடுங்கள். வலைக்குக் கீழே வெளிச்சம் படாத சின்னக் கிளை, பழுத்த இலை எல்லாவற்றையும் கழித்துச் சுத்தமாக வைக்க வேண்டும். அசுவினியும் செஞ்சிலந்தியும் முதலில் குடியேறுவது அங்கேதான்.

எப்போது இருட்டுக்கு மாறுவது? 64 கட்டத்தில் 45 நிரம்பியதும். முழுசாக நிரம்பக் காத்திருந்தால் நெரிசல், ஏனென்றால் மாற்றிய பிறகும் மூன்று வாரம் தண்டு நன்றாக நீளும். அன்றிலிருந்து விளக்கு 11 மணி நேரம், இருட்டு 13. இருட்டைக் குளிர்ந்த நேரத்தில் வையுங்கள்: இரவு ஏழிலிருந்து காலை எட்டு வரை. ஏப்ரல் மாதத்தில் நாலு மணிக்கே துணி மூடினால் உள்ளே வெயில் சூடு அடைந்துகொள்ளும். இருட்டு நேரத்தில் சூடு ஏறினால் சாமந்தி மொட்டைத் தள்ளிப்போடும், சில ரகங்கள் வாரக்கணக்கில்.

இருட்டு என்றால் இருட்டுதான். மொட்டு தெரியும்வரை ஒரு நாளும் விடாமல். இரவு பதினொரு மணிக்குப் பாத்திரம் கழுவ யூட்டிலிட்டி டியூப்லைட் போடும் வீடுகளில் இந்தச் செடி குழம்பிப்போகும்: நுனியில் ஒரு மொட்டு வரும், அதைச் சுற்றிக் குறுகிய நாடா மாதிரி இலைகள், பிறகு பக்கத்திலிருந்து மறுபடி இலைக்கிளை. உரக்குறை என்று நினைத்து உரத்தைக் கூட்டுவார்கள், பிரச்சினை வெளிச்சத்தில். இரவில் உள்ளே தலையை விட்டு ஐந்து நிமிடம் கண்ணைப் பழக்குங்கள். பேப்பர் தலைப்பைப் படிக்க முடிகிறதென்றால் வெளிச்சம் அதிகம். தெருவிளக்கு, பக்கத்து வீட்டு பால்கனி பல்பு இரண்டையும் பாருங்கள். டைமரின் பச்சைப் புள்ளி வெளிச்சத்துக்குப் பயப்பட வேண்டாம். இன்னொன்று, மாம்பழமோ வாழைத்தாரோ அதே மூடிய இடத்தில் பழுக்க வைக்காதீர்கள். பழம் விடும் எத்திலீன் சாமந்தி மொட்டைத் தடுக்கும்.

மூன்று நான்கு வாரத்தில் மொட்டு கண்ணுக்குத் தெரியும். அப்போது தண்டு உச்சியில் நடுமொட்டு முந்திக்கொண்டு பெரிதாக நிற்கும்; அதைக் கிள்ளிவிட்டால் சுற்றியுள்ளவை ஒரே நேரத்தில் மலரும், சரம் தொடுக்க வசதி. ஒற்றைப் பெரிய பூ வேண்டுமென்றால் நடுவை விட்டுச் சுற்றியுள்ளதைப் பட்டாணி அளவாகும் முன்பே எடுங்கள். இந்தக் கட்டத்தில் 19:19:19 நிறுத்தி 13:0:45 (பொட்டாசியம் நைட்ரேட்) லிட்டருக்கு ஒரு கிராம். மொட்டில் நிறம் தெரிந்ததும் உரமே வேண்டாம், வெறும் தண்ணீர், தொட்டிமண்ணில் மட்டும். பூமேல் ஈரம் நின்றால் சாம்பல் பூசணம் ஒரே இரவில் இதழைப் பழுப்பாக்கும். மழைக்காலத்தில் ஃபேனை இரவிலும் ஓடவிடுங்கள். இலைப்பேனுக்கு நீல நிறப் பசை அட்டை, வெள்ளை ஈக்கு மஞ்சள் பசை அட்டை. வேப்பெண்ணெய் லிட்டருக்கு ஐந்து மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசலோடு, இலையின் அடிப்பக்கம் நனைய அடிக்கலாம். விளக்கு அணைந்த பிறகு மட்டும், பூ விரிந்த பின் கூடவே கூடாது.

இருட்டுக்கு மாற்றி எட்டிலிருந்து பத்து வாரத்தில் பறிப்பு. வெளிவரிசை இதழ்கள் விரிந்து நடு இன்னும் இறுக்கமாக இருக்கும்போது, காலையில், கத்தரியால். பறித்து முடித்ததும் வலையைக் கழற்றி, தண்டுகளை நாலு விரல் உயரத்துக்கு வெட்டி, அன்றே விளக்கை 16 மணி நேரத்துக்குத் திருப்புங்கள். இரண்டு வாரத்தில் மண்ணுக்கு அடியிலிருந்து தூர்க்கன்றுகள் வரும். பழைய தண்டிலிருந்து கிளம்புவதை ஒதுக்கி, மண்ணைப் பிளந்துகொண்டு வரும் தடித்த கன்றை மட்டும் அடுத்த தாய்க்கு எடுங்கள்.