மேலே மொட்டை, கீழே மேடு

மழை விட்டதும் பாலத்தில் நின்றேன். ஆறு செக்கச்செவேலென்று ஓடியது. "நல்ல வெள்ளம்" என்றார் பக்கத்தில் நின்றவர்.

எனக்கோ மலையின் மேல்மண் போவதுதான் தெரிந்தது.

சண்டிகரின் சுக்னா ஏரி 1958-இல் உருவானது. சில வருடங்களிலேயே வண்டல் சேர்ந்து அதன் அடி மேடாகத் தொடங்கியது. மண் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனால், சிவாலிக் குன்றில் சுகோமாஜ்ரி என்ற சின்னக் கிராமம். மரம் போன சரிவு, மேயும் ஆடுகள்.

சரி, வேலி போட்டு விரட்டலாம். ஆனால் கீழே உள்ளவர்களின் ஏரிக்காக மேலே உள்ளவர்கள் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்?

1970-களில் அங்கே சிறு மண் அணைகள் கட்டி, தண்ணீரை அந்த ஊருக்கே கொடுத்தார்கள். நிலமில்லாதவருக்கும் பங்கு. அப்புறம், தங்கள் அணையே மண்ணில் தூர்ந்துவிடக் கூடாதே என்று, சரிவில் ஆடு விடுவதை ஊர்க்காரர்களே நிறுத்திக்கொண்டார்கள். புல் முளைத்தது. ஏரிக்கு வரும் மண்ணும் குறைந்தது.