மாசியில் வைத்த அடை: எங்கள் வீட்டுச் சிறுவிடைக் கோழி

எங்கள் சிறுவிடை (சிறிய உடம்புள்ள நாட்டுக்கோழி) சாம்பல் பெட்டை அடைக்கு, அதாவது முட்டை மேல் படுத்துக் குஞ்சு பொரிக்கும் பக்குவத்துக்கு, வந்துவிட்டது என்பதை விறகு அடுக்குக்குப் பின்னால் கை விட்டபோதுதான் தெரிந்துகொண்டோம். முட்டை எடுக்கப் போன கைக்கு நல்ல கொத்து கிடைத்தது. முட்டையிடுவதை நிறுத்தியிருந்தது. மயிரைச் சிலிர்த்துக்கொண்டு, யார் கிட்டப் போனாலும் உறுமியது. வயிற்றுப் பக்கம் இறகு உதிர்ந்து தோல் தெரிந்தது. முட்டைக்கு நேராகச் சூடு போய்ச் சேரத்தான் அந்த இடம் வெறுமையாகிறது.

உடனே முட்டையை அடியில் வைக்கவில்லை. இரண்டு நாள் வெறும் முட்டை ஒன்றைக் கொடுத்து, இரவிலும் அசையாமல் படுக்கிறதா என்று பார்த்தோம். சில பெட்டைகள் பகலில் படுத்துவிட்டு இருட்டியதும் கூட்டத்தோடு மரமேறிவிடும். அதை நம்பி முட்டை வைத்தால் எல்லாம் வீண்தான்.

விறகுப் பக்கம் கீரி நடமாட்டம் உண்டு. அதனால் இடத்தை மாற்ற வேண்டியிருந்தது. இருட்டில் கோழிக்குக் கண் அவ்வளவாகத் தெரியாது என்பதால் ராத்திரியில் தூக்கி வந்து திண்ணை அறை மூலையில் விட்டோம். பழைய மூங்கில் கூடையில் அடியில் ஆற்று மணல், நடுவில் குழி, மேலே வைக்கோல். மணல் சூட்டைப் பிடித்து வைக்கும், முட்டையும் குழிக்குள்ளேயே கிடக்கும். செள்ளு (இறகுக்குள் ஒட்டிக் கடிக்கும் சின்னப் பூச்சி) வராமலிருக்க நொச்சியும் வேப்பிலையும் போட்டோம். அடைக்கோழியைக் கூட்டை விட்டுக் கிளப்புவது பெரும்பாலும் செள்ளுதான். வைப்பதற்கு முன்பே இறக்கைக்கு அடியிலும் ஆசனவாய்ப் பக்கமும் பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது.

அப்பத்தா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன்டா, ஆணியும் கரியும் போடாமயா அடை வைக்கிற? இடி இடிச்சா முட்டை கலங்கிப் போகும்" என்றது. இடிக்கும் ஆணிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் ஒரு துருப்பிடித்த ஆணி, ஒரு கரித்துண்டு, இரண்டு மிளகாய் வத்தல் என்று எல்லாம் கூடைக்குள் போயின. முட்டையை ஒற்றைப்படையில்தான் வைக்க வேண்டும் என்பதும் அப்பத்தா கணக்கு. சிறுவிடைக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டைக்கு மேல் அணையாது என்பதால் 11 வைத்தோம்.

நான் அதிகம் மெனக்கெட்டது முட்டை பொறுக்குவதில்தான். ஒரு வாரத்துக்கு மேல் பழசானது வேண்டாம். கழுவக் கூடாது, ஓட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சு போய்விட்டால் கிருமி உள்ளே இறங்கும். மண்சட்டியில் ஈர மணல் பரப்பி, கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்கி, ஈரத்துணி மூடி வைத்திருந்தோம். வெயில் ஏறினால் அடை வைக்கும் முன்னாலேயே கரு வளரத் தொடங்கி, பாதியில் செத்துப்போகும். ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. அது கைகொடுத்தது: வேறொரு பெட்டை உள்ளே புகுந்து ஒன்று இட்டுவிட்டுப் போனது, குறி இல்லாததால் அன்றே எடுத்துவிட்டோம். விட்டிருந்தால் மற்றவை பொரித்துத் தாய் இறங்கிப் போகும் நேரத்தில் அது அரைகுறையாகக் கிடந்திருக்கும்.

பிறகு எங்களுக்கு இருந்தது ஒரே வேலை. காலையில் ஒரு தடவை கோழியை இறக்கிவிடுவது. தானாக இறங்காத நாளில் இரண்டு கையாலும் தூக்க வேண்டும், அதற்கு முன் இறக்கை இடுக்கில் முட்டை ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். கம்பும் உடைத்த மக்காச்சோளமும் தின்று, தண்ணீர் குடித்து, ஒரு மண்குளியல் போட்டு, ஒரே குவியலாக எச்சம் போடும். அந்த நாற்றம் தெருமுனை வரை போகும்! கால் மணி நேரத்தில் தானே திரும்பிவிடும். முட்டையைப் புரட்டுவது, ஓரத்தில் இருப்பதை நடுவுக்குத் தள்ளுவது எல்லாம் அதன் வேலை. நாம் கை வைக்கத் தேவையில்லை.

ஒரு வாரம் கழித்து, விளக்கை அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சில் முட்டைகளைப் பார்த்தோம். அகலமான முனையில் வெளிச்சத்தை அழுத்திப் பிடித்தால், கரு பிடித்ததில் நடுவில் ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து சிலந்திக்கால் போலச் சிவப்பு நரம்புகளும் தெரியும். இரண்டு முட்டை வெறும் வெளிச்சமாகத் தெரிந்தன, கரு பிடிக்காத கூமுட்டை. அடியிலேயே விட்டால் அழுகி வெடித்து மற்றதையும் நாசம் செய்யும் என்று எடுத்துவிட்டோம்.

18ஆம் நாளுக்குப் பிறகு கூடையைத் தொடவில்லை. தீனியும் தண்ணீரும் எட்டும் தூரத்தில் வைத்தோம். பங்குனிக் காற்று காய்ந்து கிடந்ததால் கூடையைச் சுற்றி ஈரச் சாக்கு. ஓட்டுக்குள்ளிருந்து கீச்சுச் சத்தம் கேட்கும், தாய் அடிக்குரலில் பதில் கொடுக்கும். ஓட்டில் கீறல் விழுந்து முழுதாக வெளியே வர அரை நாளுக்கு மேலும் ஆகலாம். அந்த நேரத்தில் பிள்ளைகளைக் கட்டிப்போட வேண்டியிருந்தது. ஓட்டை உரித்துவிட்டால், சவ்விலுள்ள ரத்தக் குழாய் அறுந்து குஞ்சு போய்விடும். 21ஆம் நாள் மாலைக்குள் எட்டுக் குஞ்சு. ஒன்று உள்ளேயே செத்திருந்தது.

முதல் நாள் தீனி போடவில்லை, வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு போதும். அடுத்த நாளிலிருந்து தினைக் குருணை, ஆழமில்லாத தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர். பழைய பானையில் சாணியும் ஈரச் சாக்குத் துண்டும் திணித்து, புற்றுப் பக்கம் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் விடியும்போது பானை நிறையக் கறையான். தாய் கூப்பிடும் குரலே மாறிவிடும் அதைக் கண்டால்.

ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு லசோட்டா தடுப்பு மருந்து, குஞ்சின் கண்ணில் ஒரு சொட்டு. குப்பி நூறு கோழி அளவில்தான் வரும், கலக்கிவிட்டால் சீக்கிரம் தீர்த்தாக வேண்டும். அதனால் தெருவில் குஞ்சு வைத்திருக்கும் நாலு வீட்டையும் சேர்த்துக்கொண்டோம். ஐஸ் போட்ட டப்பாவோடு வீடு வீடாகப் போனது தனிக் கூத்து.

இப்போது தாயும் குஞ்சுகளும் பகலில் பாதி நேரம் பஞ்சாரத்துக்குள்தான் (கோழியைக் கவிழ்த்து மூடும் கூடை). பருந்து இரண்டு தடவை வட்டம் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. இதற்குள் செவலைப் பெட்டையும் அடைக்குப் படுத்துவிட்டது. சித்திரை வெயிலில் வைப்பதாக இல்லை. அடை தெளிய மூக்கில் இறகு குத்துவது, தண்ணீரில் முக்குவது எல்லாம் எனக்குப் பிடிக்காத வைத்தியம். அடியில் காற்றுப் போகிற கம்பிக் கூண்டில், நிழலில் விட்டிருக்கிறேன். தெளியாமல் அடம்பிடித்தால் அக்னி நட்சத்திரம் முடிந்ததும் பார்க்கலாம்.