நாற்பத்தெட்டில் ஒரு நாட்குறிப்பு

ஜூன் 2, 2025, திங்கள்

புது நோட்டு. முதலில் போனில் எழுதிப் பார்த்தேன், சரிப்படவில்லை. இரண்டு வரி தாண்டுவதற்குள் ஏதாவது ஒரு செய்தி வந்து எட்டிப் பார்க்கிறது. கையால் எழுதிவிட்டு, வெளியே சொல்லக்கூடியதை மட்டும் இங்கே ஏற்றுவதாக உத்தேசம்.

வயது 48. போன வாரம் மகள், “உங்களுக்கு என்னப்பா பிடிக்கும்?” என்று கேட்டாள். பிறந்தநாள் பரிசுக்காகக் கேட்டது. யோசித்துப் பார்த்துவிட்டு, “எதுவானாலும் சரிம்மா” என்றேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டாள். உண்மையில் பதில் தெரியவில்லை. இருபத்தைந்தில் கேட்டிருந்தால் ஒரு பட்டியலே ஒப்பித்திருப்பேன்.

ஜூன் 6, வெள்ளி

இதுவரை எழுதியதைப் புரட்டினால் ஒரே புலம்பல். ஆபீஸ், களைப்பு, ஆபீஸ், களைப்பு. ‘ஏன் எனக்கு மட்டும்’ என்று ஆரம்பித்த பத்தி ஒன்றுகூட எங்கும் போய்ச் சேரவில்லை. மனதில் ஓடுவதையே தாளில் அசைபோட்டால் தாள்தான் செலவு.

இனி ‘ஏன்’ வேண்டாம். என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள், அப்போது உடம்பில் என்ன தெரிந்தது. அவ்வளவுதான். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் வேலை பார்த்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் கால் நூற்றாண்டு நாட்குறிப்பு எழுதியது அப்படித்தானே? எந்தக் கப்பல் வந்தது, கவர்னர் என்ன கேட்டார், தான் என்ன பதில் சொன்னார். தன்னை ஆராய உட்கார்ந்தவர் இல்லை அவர். ஆனாலும் படிக்கிறவனுக்கு ஆள் யார் என்று தெரிந்துவிடுகிறது. 1709இல் பிறந்தவர், 1761 ஜனவரியில் காலமானார். 51 வயது.

ஜூன் 10, செவ்வாய்

ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் சான்ட்ரா பீல் என்பவரோடு சேர்ந்து 1986இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். கல்லூரி மாணவர்களை, மனதை உறுத்தும் ஒரு சம்பவத்தைப் பற்றி நாளுக்கு 15 நிமிடம், தொடர்ந்து நான்கு நாள் எழுதச் சொன்னார்கள். நடந்ததையும் அப்போது பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள், எழுதி முடித்த கையோடு இன்னும் வாடித்தான் போனார்கள். ஆனால் அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் டாக்டரிடம் போனது மற்றவர்களைவிடக் குறைவு.

அதன் பிறகு ஏகப்பட்ட பேர் இதையே செய்து பார்த்துவிட்டார்கள். 2006இல் 146 ஆய்வுகளைச் சேர்த்து அலசியதில், பலன் உண்டு, ஆனால் சிறியது என்று வந்தது. எனக்கு இந்தச் ‘சிறியது’ பிடித்திருக்கிறது. எழுதினால் வாழ்க்கையே மாறிவிடும் என்கிறவர்களைவிட இவர்களை நம்பலாம்.

நாளை முதல் நான்கு நாள். விஷயம், அப்பா.

ஜூன் 13, வெள்ளி

முதல் இரண்டு நாளும் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிப் பழகிய கதைதான் வந்தது. மாரடைப்பு, ஆஸ்பத்திரி, எனக்கு அப்போது 19. இன்று எங்கிருந்தோ மூக்குக் கண்ணாடி வந்தது.

இறப்பதற்கு முந்தின வாரம் அப்பா பவர் மாற்றக் கொடுத்திருந்தார். காரியமெல்லாம் முடிந்த பிறகு சட்டைப் பையில் ரசீது கிடைத்தது. நான்தான் போனேன். கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்து, கூட்டில் வைத்து, “அப்பாவை ஒரு தடவை வரச் சொல்லு தம்பி, காதுப் பக்கம் இறுக்கினா சரி பண்ணித் தரேன்” என்றார். நான் “சரிங்க” என்றேன். பாக்கியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அந்த வீதியில் நடந்து வரும்போது எனக்குத் துக்கமாக இல்லை. கடைக்காரர் கணக்கில் அப்பா இன்னும் இருக்கிறார் என்று ஒரு திருட்டுச் சந்தோஷம். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, எனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

15 நிமிடம் 40 ஆகிவிட்டது. தலைவலி.

ஜூன் 22, ஞாயிறு

பென்சிலை வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தேன். எழுதும்போது எதுவும் தெரிவதில்லை என்பது என் அபிப்பிராயம். எழுதுகிற கை தன் கட்சிக்குத்தான் வாதாடும். சில நாள் ஆறவிட்டு, யாரோ எழுதியதைப் படிப்பதுபோலப் படித்தால்தான் உண்டு.

நடுவில் ஒரு பக்கம் முழுக்கத் திட்டங்கள் போட்டு வைத்திருக்கிறேன். வீட்டுக் கடன் 2028இல் முடிகிறது. மகள் படிப்பு 2029. ஒரு காப்பீட்டுப் பாலிசி முதிர்வதும் 2029. ‘இதெல்லாம் முடிந்துவிட்டால் நிம்மதி’ என்று கீழே கோடு வேறு.

2030 என்று அந்த நோட்டில் எங்குமே இல்லை.

2029இல் எனக்கு 52. அப்பா போனது 52இல்.

பாலிசி எடுத்த நாள் ஞாபகம் வந்தது. ஏஜென்ட் 60 வயது வரை போடச் சொன்னார். பிரீமியம் கட்டுப்படியாகாது என்று காரணம் சொல்லி நான்தான் குறைத்தேன். ஆனந்தரங்கப் பிள்ளையைப் பற்றி எழுதிய இடத்திலும் பாருங்கள், அவர் எழுத்தைப் பற்றிப் பேச வந்தவன் வயதைக் கணக்குப் போட்டிருக்கிறேன்.

ஆக, எனக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாததற்குக் காரணம் ஆபீஸ் இல்லை. பிடித்ததைச் செய்ய வருஷம் இருக்கிறது என்றே நான் நினைக்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

இரண்டு இரவாகத் தூக்கம் சரியில்லை. எழுதி எழுதி வாரக்கணக்கில் இப்படியே போனால் நோட்டை மூடிவிட்டு ஒரு நல்ல மனநல ஆலோசகரைப் பார்க்க வேண்டியதுதான். எல்லாவற்றையும் தாளே பார்த்துக்கொள்ளாது.

‘நடுவயது நெருக்கடி’ என்று பேசுகிறோமே, அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவர் எலியட் ஜாக்ஸ் என்ற உளவியலாளர். 1965இல் எழுதிய கட்டுரையில். சாவு என்பது யாருக்கோ வருவது என்ற நிலை மாறி, எனக்கும் வரும் என்று உறைக்கிற கட்டம் அது என்கிறார். சுமார் 35 வயதில் வருமாம். எனக்குக் கொஞ்சம் லேட். கட்டுரை வந்தபோது அவருக்கு என் வயது, 48. நானும் சும்மா இல்லாமல் எத்தனை வயதில் இறந்தார் என்று தேடினேன். 86.

ஜூலை 2, புதன்

அக்காவுக்கு போன் போட்டேன். அவளுக்கு 54. சுற்றி வளைத்து விஷயத்துக்கு வருவதற்குள் அவளே கேட்டாள்.

“அம்பத்திரண்டா?”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பிறந்தநாள் கொண்டாட வேண்டாம்னு எல்லாரையும் கத்தினேனே, மறந்துட்டியா? அந்த வருஷம் முழுக்க ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து நாடி பிடிச்சுப் பார்த்துட்டு இருந்தேன்டா.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே அக்கா.”

“நீ சின்னவன். உனக்கு ஏன் அதை ஞாபகப்படுத்தணும்னு விட்டுட்டேன்.”

அப்புறம் கண்ணாடிக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அந்தக் கண்ணாடி தன் பீரோவில்தான் இருக்கிறது என்றாள். நான் அது தொலைந்துவிட்டதாகவே நினைத்திருந்தேன்.

முதலில் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள், மற்றதை அப்புறம் எழுதிக்கோ என்று உத்தரவு.

ஜூலை 13, ஞாயிறு

பரிசோதனை முடிந்தது. கொலஸ்ட்ரால் கொஞ்சம் கூடுதல், ரத்த அழுத்தம் பரவாயில்லை. அப்பாவுக்கு எந்த வயதில் வந்தது என்று டாக்டர் கேட்டுக் குறித்துக்கொண்டார், கூடவே ஒரு ஈசிஜியும் எடுத்தார். தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார்.

தினம் எழுதுவதை நிறுத்திவிட்டேன். வாரம் ஒரு தடவை போதும், மாதம் ஒரு தடவை படித்துப் பார்த்தால் போதும்.

இன்று 53 என்று போட்டு எதிரே என்ன எழுதுவது என்று வெகுநேரம் தெரியவில்லை. கடைசியில் ‘தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழுந்திருக்க வேண்டும்’ என்று எழுதினேன். 55க்கு எதிரே, தச்சு வேலை. பள்ளிக்கூட நாளில் ஒரு முக்காலி செய்திருக்கிறேன், ஆடாமல் நின்றது. 60க்கு எதிரே இப்போதைக்கு ஒரு கேள்விக்குறி.

மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, “தச்சு வேலைக்கு எதுக்கு 55 வரைக்கும் காத்திருக்கணும்?” என்றாள். சரியான கேள்விதான். சனிக்கிழமைகளில் சொல்லித்தருகிற ஒருவரின் நம்பர் கிடைத்திருக்கிறது. உளியும் இழைப்புளியும் நாமே கொண்டுபோக வேண்டுமா என்று கேட்க வேண்டும்.