ஒரு நாளை நடத்திப் பார்த்துத் தேர்ந்த வீடு

நாங்கள் குடியிருந்த வீட்டை உரிமையாளர் தம் மகனின் குடும்பத்துக்காகத் திரும்பக் கேட்டபோது கோடை விடுமுறை தொடங்கவிருந்தது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தபடி உரிய அவகாசத்தை அவர் கொடுத்தார். கேட்ட விதத்திலும் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனாலும் பள்ளி திறப்பதற்குள் வேறு வீடு பார்த்து, சாமான்களை மாற்றி, ஐந்து பேரின் அன்றாடத்தையும் புதிய இடத்தில் மறுபடி ஊன்ற வேண்டும் என்பதை எண்ணியபோது, எங்கிருந்து தொடங்குவது என்பதே பெரிய கேள்வியாக நின்றது. வாடகைக்கு வீடு தேடும் குடும்பங்களுக்கு உதவும் என்ற நம்பிக்கையில்தான் அந்தக் கோடையில் நாங்கள் செய்தவற்றை எழுதுகிறேன்.

எத்தனை அறை, என்ன வாடகை, எவ்வளவு முன்பணம் என்பவற்றைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அவை அவசியமானவை, ஆனால் ஒரு வீடு நமக்குப் பொருந்துமா என்பதை அவை சொல்வதில்லை. ஆகவே வீடு பார்க்கக் கிளம்புவதற்கு முன், எங்கள் ஒவ்வொருவரின் ஒரு நாளையும் காலை முதல் இரவு வரை தாளில் எழுதினோம். என் கணவருக்குச் சுழல்முறைப் பணி. இரவுப் பணி முடிந்து வரும் வாரங்களில் பகலில்தான் உறங்குவார். மாமனாருக்கு முழங்கால் வலியும் சர்க்கரை நோயும் உண்டு. இரவில் இரண்டு முறையாவது எழுந்து கழிப்பறைக்குச் செல்வார். மாலையில் இரண்டு தெரு தள்ளியிருக்கும் நண்பரிடம் பேசப் போவார். நான் வீட்டிலிருந்தபடியே கணக்கெழுதும் வேலை செய்கிறேன். ஒன்பதாம் வகுப்புக்குப் போகவிருந்த மகள், “படிக்கும்போது கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும்” என்ற ஒரே வரியை அடிக்கோடிட்டு எழுதிக் கொடுத்தாள். சின்னவனுக்காக நான் எழுதினேன்: அவனுக்கு விளையாடத் தரை வேண்டும், உறங்கும்போது யாராவது அருகில் இருக்க வேண்டும்.

அந்தத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கும்போது ஒவ்வொரு வீடும் வேறு விதமாகத் தெரிந்தது. தரகர் கூடத்தின் அகலத்தைக் காட்டிக்கொண்டிருக்கையில், நான் மாமனாரின் படுக்கை இருக்கக்கூடிய இடத்திலிருந்து கழிப்பறை வரை நடந்து பார்ப்பேன். நடுவில் ஒரு படி ஏறி இறங்க வேண்டியிருந்தால், அந்த வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் அவருடைய இரவுக்கு ஆகாது. கழிப்பறைக் கதவின் அகலத்தையும் அளந்தோம். சக்கர நாற்காலி தாராளமாக நுழைய ஏறக்குறைய 80 செ.மீ. இடைவெளி தேவைப்படும். இன்று அவருக்கு அது வேண்டாம். ஆனால் நான்கைந்து ஆண்டுகள் இருக்கப் போகும் வீட்டில் அதையும் எண்ணத்தான் வேண்டும். மாடிப்படிகளைப் பொறுத்தவரை உயரத்தைவிட அவற்றின் ஒழுங்கே முக்கியம் என்பதைக் கவனித்தேன். எல்லாப் படியும் ஒரே உயரத்தில் இருந்தால் கால் அதற்குப் பழகிவிடும். இடையில் ஒன்று மட்டும் இரண்டு செ.மீ. கூடியிருந்தால் அங்கேதான் தடுக்கும்.

வெயிற்காலத்தில் வீடு தேடுவது அலுப்பானது என்றாலும், ஒரு வீட்டின் சூட்டை அறிய அதைவிட நல்ல பருவம் இல்லை. காலை பத்து மணிக்கு எந்த வீடும் ஓரளவு குளுமையாகவே இருக்கும். கான்கிரீட் தளம் பகல் முழுதும் வெப்பத்தை உள்வாங்கி, சில மணி நேரம் கழித்துத்தான் கீழே உள்ள அறைக்குள் விடுகிறது. எனவே மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டின் உண்மையான நிலை மாலையிலும் முன்னிரவிலும்தான் தெரியும். மேற்குப் பார்த்த சன்னல்களுக்கும் இதே கதைதான். பிற்பகல் வெயில் தாழ்வாகச் சாய்ந்து வருவதால் சன்னலுக்கு மேலுள்ள சன்ஷேடு அதைத் தடுக்காது. இதனால் பிடித்திருந்த வீடுகளை இரவு எட்டு மணிக்கு மேல் மறுமுறை பார்க்க அனுமதி கேட்டோம். பெரும்பாலான உரிமையாளர்கள் மனமுவந்து சம்மதித்தார்கள். அந்த நேரத்தில் சென்றால் பக்கத்து வீட்டுச் சத்தம், தெருவிளக்கு, வண்டி நிறுத்தும் இடத்தின் நெருக்கடி ஆகியவையும் சேர்ந்தே தெரிந்துவிடும். காற்றோட்டத்தை அறிய, எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து ஒரு மெல்லிய தாள் துண்டைப் பிடித்துப் பார்த்தோம். ஒரே பக்கம் மட்டும் சன்னல் உள்ள அறையில் அந்தத் தாள் பெரும்பாலும் அசையவே இல்லை.

மழைக்காலக் குறைகளைக் கோடை மறைத்துவிடும் என்பதால், அவற்றின் தடயங்களைத் தேட வேண்டியிருந்தது. சுவரின் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருப்பது, வண்ணப்பூச்சு கொப்புளமாக எழும்பியிருப்பது, அலமாரியின் உட்புறத்தில் பூஞ்சை வாடை வீசுவது ஆகிய மூன்றும் ஓதத்தின் அடையாளங்கள். வீடு முழுதும் பழைய வண்ணமாக இருக்க, ஒரு சுவருக்கு மட்டும் புதிதாக அடித்திருந்தால் காரணத்தைக் கேட்டோம். கூச்சப்படாமல் கேட்க வேண்டிய கேள்வி அது.

தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் ஐந்து பேர் காலை ஒரே நேரத்தில் கிளம்பும் வீட்டில் பாதிச் சண்டைகள் குழாயடியில்தான் தொடங்குகின்றன. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் நீரின் அழுத்தம் உயர வேறுபாட்டைப் பொறுத்தது. 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம் என்பது கணக்கு. எனவே தொட்டிக்கு நேர் கீழே உள்ள மாடியில்தான் நீர் மிக மெதுவாக வரும், கீழே இறங்க இறங்க வேகம் கூடும். குளியலறைக் குழாயையும் சமையலறைக் குழாயையும் ஒருசேரத் திறந்துவிட்டு, 10 லிட்டர் வாளி நிரம்ப ஆகும் நேரத்தைக் கணவர் கடிகாரத்தில் பார்ப்பார். ஒரு நிமிடத்தை ஒட்டி நிரம்பினால் எங்களுக்குப் போதும் என்று வைத்துக்கொண்டோம். மீட்டர் உள்ள வீடுகளில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டர் முள் அசைகிறதா என்று பார்த்தோம். அசைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். மின்பலகையில் மின்கசிவுத் தடுப்பான், அதாவது ஆர்.சி.டி., இருக்கிறதா என்பதையும் தவறாமல் பார்த்தோம். வீடுகளுக்கான அந்தச் சாதனம் வழக்கமாக 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அதில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். அழுத்தினால் உடனே மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும். சிறு பிள்ளை உள்ள வீட்டில் இதற்கு விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

காலி செய்யும் குடும்பம் இன்னும் வீட்டில் இருந்தால், எல்லாச் சோதனைகளையும்விட அவர்களோடு பேசும் பத்து நிமிடம் பயன் தரும். “பழுது என்று சொன்னால் எத்தனை நாளில் ஆள் வரும்?” என்ற கேள்விக்கு வரும் பதிலில் உரிமையாளரைப் பற்றி ஏறக்குறைய எல்லாமே அடங்கிவிடும்.

கடைசியில் இரண்டு வீடுகள் எஞ்சின. ஒன்று நான்காம் மாடியில், கணவரின் பணியிடத்துக்கு அருகில், மூன்று படுக்கையறைகளுடன் இருந்தது. மகள் அதில் தன் அறையையும் மேசை போடும் மூலையையும் அன்றே மனத்தில் குறித்துவிட்டாள். மற்றொன்று எங்கள் பழைய தெருக்களுக்கு அருகிலேயே, தரைத்தளத்தில், இரண்டு படுக்கையறையும் வெளிச்சமே வராத ஒரு நடு அறையும் கொண்டது. பின்புறம் சிறிய வராந்தா உண்டு. முதல் வீட்டில் மின்தூக்கி இருந்தது. ஆனால் மின்சாரம் போனால் அதை இயக்க மாற்று ஏற்பாடு இல்லை.

அன்றிரவு எல்லோரும் உட்கார்ந்து, எழுதி வைத்த நாட்களை இரண்டு வீட்டிலும் மணிவாரியாக நடத்திப் பார்த்தோம். மாமனார் தமக்காக யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தார். “நான் வாசலுக்கு வராவிட்டால் என்னம்மா, சன்னலோரம் உட்கார்ந்துகொள்கிறேன். பிள்ளை படிக்கட்டும்” என்றார். அவர் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். ஆனால் மாலை நடையும் நண்பரின் பேச்சும் நின்றுபோனால் அவருடைய நாளில் மருந்து வேளைகள் மட்டுமே மிஞ்சும் என்பது அந்தத் தாளைப் பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது. நான்காம் மாடி வீட்டில் கணவரின் படுக்கையறை மேற்குப் பார்த்தது; இரவுப் பணி முடிந்து பகலில் உறங்குபவருக்கு அது பெரும் சிரமம். தரைத்தள வீட்டில் நாங்கள் குறையாக எண்ணிய இருண்ட நடு அறையோ, வெயிலும் தெருச் சத்தமும் எட்டாத இடமாக இருந்ததால், பகல் உறக்கத்துக்கு அதைவிடப் பொருத்தமான அறை நாங்கள் பார்த்த எந்த வீட்டிலும் இல்லை. இதை முதலில் கண்டு சொன்னவள் மகள்தான். சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். அந்தக் கணக்கில் தன் தனியறை போய்விடுகிறது என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

தரைத்தள வீட்டையே எடுத்தோம். கணவருக்குப் பயண நேரம் கூடியது. மகளுக்குத் தம்பியோடு அறையைப் பகிர வேண்டியதாயிற்று. அந்த இழப்பைச் சிறிது என்று சொல்லி நான் அவளைத் தேற்றவில்லை. அவளுடைய வயதில் சாத்திக்கொள்ள ஒரு கதவு என்பது பெரிய விஷயம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், பெரிய பழுதுகளுக்கு யார் பொறுப்பு, காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு, முன்பணம் எத்தனை நாளில் திரும்பும் ஆகிய மூன்றையும் வாய்மொழியாக விடாமல் எழுத்தில் சேர்க்கச் சொன்னோம். சாவி கைக்கு வந்ததும், ஒரு பெட்டிகூட உள்ளே போகும் முன், ஒவ்வொரு சுவரையும் தரையையும் கதவையும் படம் எடுத்து, மீட்டர் அளவுகளோடு உரிமையாளருக்கு அனுப்பினோம். அவரும் அதை நல்ல வழக்கம் என்று ஏற்றுக்கொண்டார்.

சாமான் கட்டுவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. புத்தகங்களைச் சிறிய பெட்டிகளில் போட வேண்டும். பெட்டியின் மேற்புறத்தில் அன்றிப் பக்கவாட்டில் பெயர் எழுத வேண்டும், அடுக்கிய பிறகு பக்கவாட்டு மட்டுமே கண்ணுக்குத் தெரியும். குளிர்சாதனப் பெட்டியை நிமிர்த்தியே கொண்டுபோக வேண்டும். படுக்க வைக்க நேர்ந்தால் நிமிர்த்திச் சில மணி நேரம் விட்ட பிறகே இயக்க வேண்டும். அந்தப் பெட்டி இயங்காத நேரத்தில் மாமனாரின் இன்சுலினை எப்படிக் காப்பது என்பதுதான் எங்களுக்கு முக்கியமாக இருந்தது. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டும். உறைந்துவிட்டாலும் அது பயன்படாது. எனவே குளிர்காப்புப் பையில், பனிக்கட்டிப் பொதியின்மேல் நேரடியாகப் படாதவாறு துணியில் சுற்றி வைத்து, அந்தப் பையை வண்டியில் ஏற்றாமல் நானே கையில் எடுத்துப் போனேன்.

புதிய வீட்டில் முதல் வேலையாக மாமனாரின் கட்டிலைப் போட்டோம். பழைய வீட்டில் அவர் எழுந்தால் இடப்பக்கம் இறங்கிக் கழிப்பறைக்குப் போவார். இங்கேயும் அதே பக்கம் வழி வருமாறு கட்டிலைத் திருப்பி, வழிநெடுக இரவு விளக்கு வைத்தோம். தூக்கக் கலக்கத்தில் உடல் பழைய வீட்டின் வழியைத்தான் தேடும் என்று அவரே சொன்னார். சின்னவன் சில நாள் இரவில் விழித்து எங்களைத் தேடினான். அவனுடைய பழைய போர்வையைத் துவைக்காமல் அப்படியே கொடுத்ததும், படுக்கும் நேரத்தை மாற்றாமல் வைத்ததும் உதவின. முகவரி மாற்றம், எரிவாயு, இணைய இணைப்பு எல்லாம் பள்ளி திறப்பதற்குள் ஒவ்வொன்றாக முடிந்தன.

மகளின் கதவுக்கும் ஒரு வழி செய்துகொண்டோம். மாலை ஏழிலிருந்து அவள் படித்து முடிக்கும்வரை அந்த அறை அவளுடையது. தம்பி எங்களிடம் உறங்கிய பின்னரே தூக்கிச் சென்று படுக்க வைக்கிறோம். பின்புற வராந்தாவை மரச்சட்டமும் கண்ணாடியும் வைத்து அடைத்துக்கொள்ள உரிமையாளர் எழுத்தில் சம்மதம் தந்திருக்கிறார். அதற்கான அளவுகளை மகளே நாடாவைப் பிடித்து எடுத்து, மேசை எங்கே, அலமாரி எங்கே, கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று வரைந்து வைத்திருக்கிறாள். அடுத்த விடுமுறையில் தச்சர் வேலையைத் தொடங்குகிறார்.