ஜிம்னிக்கு 30 மி.மீ. ஸ்பேசர் – வீட்டு வாசலிலேயே மாட்டியது

என் சுசூகி ஜிம்னி ஜீப்புக்கு 215/75 ஆர்15 டயர் போட்டதிலிருந்து ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் சர்ரென்று ஓர் உரசல். கம்பெனி டயர் 195/80 ஆர்15. உயரம் ஒரு சென்டிமீட்டர்தான் கூடியது, வம்பு அகலத்தில். முன் அச்சைச் சேஸிஸோடு பிணைக்கும் ஆர்மில் டயரின் உள்பக்கம் போய்த் தேய்க்கிறது. சக்கரம் எவ்வளவு ஒடியலாம் என்று தடுத்து நிறுத்தும் ஸ்டாப்பர் போல்ட்டை நீட்டி வைத்தால் உரசல் நிற்கும், ஆனால் வண்டி திரும்ப இடம் அதிகம் கேட்கும். குறுகின இடத்தில் திரும்பத்தானே ஜிம்னி? அதனால் ஸ்பேசர்: ஹப்புக்கும் (சக்கரம் பூட்டும் அச்சு முனை) சக்கரத்துக்கும் நடுவே மாட்டி, சக்கரத்தை வெளியே தள்ளும் அலுமினிய வட்டு.

வாங்கும்போது அளவுதான் எல்லாம். 5 நட், பி.சி.டி. (ஸ்டட்கள் நிற்கும் வட்டத்தின் விட்டம்) 139.7 மி.மீ., நடுத்துளை 108 மி.மீ., ஸ்டட் (நட் ஏறும் மரைக்கம்பி) 12 மி.மீ., மரை இடைவெளி, அதாவது பிட்ச், 1.25. நடுத்துளை சரியாக இருந்தால்தான் ஸ்பேசர் ஹப்பில் ஆடாமல் மையம் பிடித்து உட்காரும். விலை குறைந்த வட்டுகளில் துளை பெரிதாக இருக்கும். முன் அச்சு நடுக்கத்துக்கு ஏற்கெனவே பேர்போன வண்டியில் அந்தச் சிக்கனம் வேண்டாம். மெல்லிசாக வாங்கினால் வண்டியின் சொந்த ஸ்டட் ஸ்பேசரைத் தாண்டி நீட்டி, சக்கரத்தைப் பதிய விடாது. அதனால்தான் 30.

மாட்டுவது பஞ்சர் போட சக்கரம் கழற்றுவது போலத்தான். வண்டி தரையில் நிற்கும்போதே நட்டை இளக்கி, எதிர்ச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, அச்சுக்கு அடியிலேயே ஜாக்கி வைத்தேன். முழு நேரம் போனது ஹப்பைச் சுத்தம் பண்ணத்தான். துரு ஒரு செதில் நடுவில் மாட்டினாலும் ஸ்பேசர் சரிந்து உட்காரும். கொஞ்ச தூரம் ஓடியதும் செதில் நசுங்கி நட் இளகும். கம்பி பிரஷ், உப்புத்தாள், கடைசியில் துணி. ஹப்பின் விளிம்பில் மட்டும் ஆன்ட்டி-சீஸ் (உலோகம் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பசை) லேசாகத் தடவினேன். இரும்பும் அலுமினியமும் ஒட்டிக்கொண்டால் பிறகு சுத்தியல்தான். ஸ்டட் மரையில் ஒரு பொட்டு படக்கூடாது. மரை வழுக்கினால் டார்க் ரென்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) 100 காட்டும்போது உள்ளே ஸ்டட் அதைவிட அதிகமாக இழுபட்டிருக்கும்.

ஸ்பேசரை ஹப்பில் பிடிக்கும் உள் நட்டுக்கு மெல்லிய சுவருள்ள சாக்கெட் வேண்டும், சாதா சாக்கெட் குழிக்குள் இறங்காது. ஹப் சுற்றாமல் இருக்கத் தம்பியைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி, நட்சத்திர வரிசையில் 100 நியூட்டன் மீட்டர். அப்புறம் ஸ்பேசரின் ஸ்டட்டில் வெளி நட் போட்டுச் சக்கரம், தரையில் இறக்கி மறுபடி அதே 100. ஏர் கன்னைப் பக்கத்தில் விடவில்லை.

நூறு கிலோமீட்டருக்குள் எல்லாச் சக்கரத்தையும் கழற்றி உள் நட்டைத் திரும்ப முறுக்கினேன். வெளி நட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்திப்படுகிறவர்கள்தான் அதிகம். ஸ்பேசரின் பிடிப்பு முழுக்க உள்ளே இருக்கிறது.

பலன்? ஆர்மில் உரசல் போயே போச்சு. டிராக், அதாவது இடது வலது சக்கரங்களுக்கு இடையேயான அகலம், முன்னே 1395 மி.மீ.யிலிருந்து 1455 ஆனது. வால்பாறை கொண்டை ஊசிகளில் சாய்வு குறைந்த மாதிரிதான் தெரிகிறது. ஆனால் சக்கரம் வெளியே தள்ளியதால் திரும்பும்போது பெரிய வட்டம் அடித்து, இப்போது பம்பர் மூலையைத் தொடுகிறது. பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் சீவ வேண்டியிருந்தது. குழியில் இறங்கினால் ஸ்டியரிங் கையை முன்பைவிட அதிகமாக இழுக்கிறது. வீல் பேரிங்குக்கும் சுமை கூடும், அதை அடிக்கடி ஆட்டிப் பார்க்க வேண்டும். வாரண்டி, இன்சூரன்ஸ் சிக்கலையும் யோசித்துவிட்டு இறங்குங்கள்.

சேறு இப்போது கதவுக் கைப்பிடி வரை தெறிக்கிறது. அகலமான மட்ஃபிளாப் தேடிக்கொண்டிருக்கிறேன்.