சுற்றுச்சூழல், மின்சார வழக்குகளில் இன்டர்ன்ஷிப்: கடலூர், புதுச்சேரி மாணவர்கள் விண்ணப்பத்தில் எதை வைக்க வேண்டும்?

சுற்றுச்சூழல் வழக்குகள் பக்கம் போக ஆசைப்படும் சட்ட மாணவர்கள் காலாப்பட்டிலும் விழுப்புரத்திலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் விண்ணப்பக் கடிதங்கள் எல்லாம் ஒரே அச்சில்தான் வருகின்றன. சிறு வயது முதல் இயற்கை மீது பற்று, சமூக அக்கறை, கற்கும் ஆர்வம். இதைப் படிக்கும் வழக்கறிஞருக்கு எதுவும் விளங்காது. கோப்பைக் கையில் கொடுத்தால் தேதியும் நிபந்தனையும் பிசகாமல் இந்தப் பிள்ளை குறிப்பு எழுதித் தருமா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். அதைக் காட்டுவது கடிதத்தோடு வைக்கும் எழுத்து மாதிரி. கல்லூரியில் மூட் கோர்ட் எனும் மாதிரி நீதிமன்றப் போட்டிக்கு எழுதிய மெமோரியலை (எழுத்து வாதத்தை) அப்படியே அனுப்பாதீர்கள். அதில் பாதி நண்பர்கள் எழுதியது என்று வாங்குகிறவருக்கும் தெரியும்.

எழுதப் பொருள் தேடி அலைய வேண்டாம். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை 2009-லேயே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மிக மோசமாக மாசடைந்த பகுதிகள் பட்டியலில் ஏறிவிட்டது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கமும் அனல்மின் நிலையங்களும், பரங்கிப்பேட்டை அருகே இன்னொரு அனல்மின் நிலையம், புதுச்சேரியில் கடலரிப்பு. எல்லாமே டவுன் பஸ், மொபசல் பஸ் தூரம்.

இவற்றில் ஒரு திட்டத்தை மட்டும் எடுங்கள். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் அதன் சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதத்தையும், நிறுவனம் ஆண்டுக்கு இரு முறை, ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் அனுமதி நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றியது என்று தர வேண்டிய அறிக்கையையும் தேடுங்கள். பழைய திட்டமென்றால் தளத்தில் இருக்காது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். தமிழ்நாட்டில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் வர வேண்டும். அதற்கேற்ப முன்கூட்டியே தொடங்க வேண்டும்.

இரண்டும் கைக்கு வந்ததும் ஒரே ஒரு நிபந்தனையைப் பிடியுங்கள். உதாரணமாக, மொத்தப் பரப்பில் 33 சதவீதம் பசுமை வளையம் என்பது பல அனுமதிக் கடிதங்களில் இருக்கும். எதிரே நிறுவனத்தின் பதில் பெரும்பாலும் 'நோட்டட்' (குறித்துக்கொண்டோம்) என்றோ 'பீயிங் கம்ப்ளைட்' (நிறைவேற்றி வருகிறோம்) என்றோ நிற்கும். எத்தனை ஏக்கர், எந்த சர்வே எண், எந்த ஆண்டு நட்டது என்று எதுவும் இருக்காது. அந்த இடைவெளிதான் உங்கள் குறிப்பு. கூகுள் எர்த்தில் அதே இடத்தின் பழைய, புதிய படங்களைத் தேதியோடு பக்கத்தில் வையுங்கள். நிபந்தனை எண், அறிக்கையின் பக்க எண், படத்தின் தேதி மூன்றும் இருந்தால் மூன்று பக்கம் தாராளம். 'தொழிற்சாலை சட்டத்தை மீறுகிறது' என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். 'இந்தப் பதிலில் பரப்பளவு இல்லை' என்பது வரைக்கும்தான் உங்களிடம் ஆதாரம் இருக்கிறது.

அடுத்து, எந்தக் கதவைத் தட்டுவது? நல்ல மாணவர்களே சறுக்குகிற இடம் இது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள சட்டங்கள் சம்பந்தப்பட்ட கேள்விகளைத்தான் விசாரிக்கும். நீர், காற்று, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டங்கள் அதில் உண்டு. மின்சாரச் சட்டமும் நில எடுப்புச் சட்டமும் இல்லை. ஆக, நெய்வேலி பக்கத்து ஒரே கிராமத்தில் சாம்பல் தூசு என்றால் சென்னையில் உள்ள தென்மண்டல அமர்வு, நிலத்துக்கான இழப்பீடு என்றால் வேறு வழி. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலில் நெய்வேலிச் சுரங்க நிறுவனமான என்எல்சியின் இயந்திரங்கள் இறங்கியபோது, பாதித்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தரச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம்தான்.

மின் கட்டணம் என்றால் ஒழுங்குமுறை ஆணையம். அதிலும் கடலூருக்குத் தமிழ்நாடு ஆணையம், புதுச்சேரிக்கு கோவாவுக்கும் யூனியன் பிரதேசங்களுக்குமான கூட்டு ஆணையம். மாசு புகாரிலும் இதே கதை: கடலூரில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், பாகூரில் புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம். தென்பெண்ணைக் கரையோரம் எல்லை வளைந்து வளைந்து போவதால், கிராமம் எந்தப் பக்கம் என்று வரைபடத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கெடு நாட்களை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளலாம். பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் பிரிவு 14-ன் கீழ் மனு என்றால் பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம், தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள். இழப்பீடு கேட்டு பிரிவு 15-ல் போனால் 5 ஆண்டும் 60 நாளும். சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து பிரிவு 16-ல் மேல்முறையீடு என்றால் 30 நாள், கூட 60 நாள். அந்த 90 தாண்டினால் எவ்வளவு நியாயமான வழக்கும் உள்ளே போகாது. ஊர்க்காரர்களுக்கு அனுமதி விஷயம் தெரியவே பல மாதம் ஆகிறது என்பதால் இந்தக் கணக்கு வெறும் சம்பிரதாயம் இல்லை. உங்கள் குறிப்பின் முதல் பத்தியிலேயே தேதிகளை வரிசையாகப் போடுங்கள்.

சட்டம் மாறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். திட்டம் தொடங்கிய பிறகு தரும் பின்தேதி அனுமதி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் வனசக்தி வழக்கில் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அந்தத் தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டது. மே மாதத் தீர்ப்பை மட்டும் மேற்கோள் காட்டி ஓர் எழுத்து மாதிரி வந்தால், மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் நம்பிக்கை போய்விடும்.

கடிதத்தில் பலரும் எழுத மறப்பது தமிழ். சிட்டா, அடங்கல், கிராம சபைத் தீர்மானம், மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு எல்லாம் தமிழில்தான் வரும். சென்னை, டெல்லி அலுவலகங்களுக்கு இவற்றைப் படித்து ஆங்கிலத்தில் ஒழுங்காகத் தருகிற ஆள் தேவை. ஊரில் போய் வாக்குமூலம் எழுதி வாங்கத் தெரியும் என்பதும் தகுதியே. கடலூர் சிப்காட் பக்கத்துக் குடிக்காட்டில் ஒருவர் 'ராத்திரி பதினோரு மணிக்கு மேல அழுகின முட்டை நாத்தம் வருது, கண்ணு எரியுது' என்று சொன்னால் அதை அப்படியே எழுத வேண்டும். தேதி, நேரம், காற்றின் திசை சேர்க்க வேண்டும். 'நச்சு வாயு கசிந்தது' என்று நீங்களாக மாற்றினால் குறுக்கு விசாரணையில் முதலில் உடைவது அந்த வரிதான். சிப்காட் கிராமத்து மக்கள் 2004 முதல் இப்படி நாற்றத்தைப் பதிவு செய்து கண்காணித்ததை வழக்கறிஞர்கள் இன்றும் மதிக்கிறார்கள்.

மிச்சமெல்லாம் காகித வேலை. ஒரு பக்கக் கடிதம், இரண்டு பக்கத்துக்கு மிகாத பயோடேட்டா, நீங்கள் அங்கே படிப்பதை உறுதிசெய்யும் கல்லூரி முதல்வரின் போனஃபைட் கடிதம், எழுத்து மாதிரி. எல்லாம் பிடிஎஃப் ஆக இருக்கட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த வேர்டு ஃபைலை அவர்கள் கணினியில் திறந்தால் குப்பையாகத் தெரியும். பார் கவுன்சில் விதிப்படி ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம், மூன்றாண்டுக்கு 12 வாரம் இன்டர்ன்ஷிப் வேண்டும். தொடர்ச்சியாக 4 வாரத்துக்கு மேல் கணக்கில் வராது. அதனால் தேதிகளை நீங்களே 4 வாரமாகக் குறிப்பிட்டு, இரண்டு மாதம் முன்பே அனுப்புங்கள். மே மாதம் உயர் நீதிமன்றத்துக்குக் கோடை விடுமுறை. விசாரணையை நேரில் பார்க்க வேண்டுமென்றால் வேறு மாதம் கேளுங்கள். மனு வரைவு பழக மே மாதமே நல்லது, மூத்த வழக்கறிஞர்களுக்கு உட்கார்ந்து திருத்திக் கொடுக்க நேரம் இருக்கும். உதவித்தொகை உண்டா என்று முதல் மின்னஞ்சலிலேயே கேட்பதில் தவறில்லை. சென்னையில் தங்க வசதி இல்லையென்றால் அதையும் வெளிப்படையாக எழுதி, பாதி நாட்கள் கடலூரிலிருந்தே ஆவணம் திரட்டித் தருவதாகச் சொல்லுங்கள். பல அலுவலகங்களுக்கு இந்தப் பக்கத்தில் ஆள் தேவைப்படுகிறது.