இரண்டு நோடு கிளஸ்டரில் ஃபெயில்ஓவர் நேரத்தைக் குறைத்த அனுபவம்

எங்களிடம் இருப்பது சாதாரண அமைப்புதான். லினக்ஸில் இரண்டு நோடு (கிளஸ்டரில் சேர்ந்த சர்வர்கள்; ஒன்று செத்தால் இன்னொன்று வேலையை ஏற்பதுதான் ஃபெயில்ஓவர்), அதை நடத்தும் பேஸ்மேக்கரும் நோடுகள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்கும் கோரோசிங்கும், பின்னால் இரண்டு கன்ட்ரோலர் உள்ள ஒரு ஸ்டோரேஜ், நடுவில் இரண்டு ஸ்விட்ச். ஐஸ்கஸி (நெட்வொர்க் வழியாக டிஸ்க்கைத் தரும் முறை) வழியாக வரும் லன் என்ற டிஸ்க், அதன் மேல் பல பாதைகளை ஒன்றாகக் காட்டும் மல்ட்டிபாத், எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். காகிதத்தில் எல்லாமே ஜோடி ஜோடியாக இருக்கும். ஆனால் ஒரு கன்ட்ரோலரை ரீபூட் செய்தாலே டேட்டாபேஸ் இரண்டு நிமிடத்துக்கு மேல் உறைந்து நின்றது, ஒரு நோடு செத்துப்போனால் மூன்று நிமிடம் தாண்டியது. "கிளஸ்டர் போட்டும் இதே கதிதானா?" என்று அப்ளிகேஷன் குழு கேட்டபோது எங்களிடம் நல்ல பதில் இல்லை.

முதலில் செய்தது அளப்பது. ஒரு சின்ன ஸ்கிரிப்ட், நொடிக்குப் பத்து முறை அதே ஃபைல் சிஸ்டத்தில் டைரக்ட் ஐஓ (கேஷைத் தாண்டி நேராக டிஸ்க்கில் எழுதுவது) மூலம் ஒரு வரி எழுதி நேரத்தைப் பதியும். இன்னொன்று வெளியிலிருக்கும் ஒரு மெஷினிலிருந்து டேட்டாபேஸில் ஒரு வரி இன்சர்ட் செய்யும். இரண்டிலும் எங்கே இடைவெளி விழுகிறது என்று பார்த்தாலே பிரச்சினை டிஸ்க் பக்கமா, கிளஸ்டர் பக்கமா, டேட்டாபேஸா என்று பாதி தெரிந்துவிடும். அப்புறம் மூன்று விபத்துகளை வேண்டுமென்றே உண்டாக்கினோம்: ஒரு பாதை மட்டும் போவது, ஒரு நோடு முழுசாகச் சாவது (சிஸ்ரெக் வழியாக கெர்னலை கிராஷ் ஆக்கி), நோடு உயிரோடு இருக்க ஸ்டோரேஜ் மட்டும் அதன் கண்ணில் இருந்து மறைவது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. எல்லாவற்றையும் "ஃபெயில்ஓவர் மெதுவாக இருக்கிறது" என்ற ஒரே வாக்கியத்தில் போட்டு டைம்அவுட்களைக் கண்டபடி குறைத்தால் புதுப் பிரச்சினைதான் வரும்.

பாதை போகும் விஷயத்தை முதலில் சொல்கிறேன், அதிக நேரம் அங்கேதான் ஒளிந்திருந்தது. ஐஸ்கஸி இனிஷியேட்டர் (சர்வர் பக்கத்து மென்பொருள்) சும்மா இருக்கும்போது 5 நொடிக்கு ஒரு முறை நோஆப் என்ற பிங்கை அனுப்பும், பதிலுக்கு இன்னொரு 5 நொடி காத்திருக்கும். ஆக, கேபிள் போன விஷயம் தெரியவே பத்து நொடி வரை ஆகலாம். அது பரவாயில்லை. அதற்குப் பிறகுதான் ரீப்ளேஸ்மென்ட் டைம்அவுட் ஓட ஆரம்பிக்கும், அதன் இயல்பான மதிப்பு 120 நொடி. செஷன் (ஸ்டோரேஜோடு உள்ள இணைப்பு) திரும்பி வருமா என்று பார்த்துக்கொண்டு அவ்வளவு நேரமும் டிஸ்க்கை பிளாக்டு நிலையில் வைத்திருக்கும். வந்த ஐஓ எல்லாம் கீழேயே தேங்கி நிற்கும், தோல்வி என்று மேலே சொல்லாது. பாதைகளைச் சோதிக்கும் மல்ட்டிபாத் செக்கரும் அந்தப் பாதையைச் செத்ததாக எண்ணாமல் பெண்டிங் என்றே வைத்திருக்கும். பக்கத்தில் நல்ல பாதை ஒன்று சும்மா இருக்க, டேட்டாபேஸ் இரண்டு நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு இதுதான் காரணம்.

இதில் ஒரு குழப்பம் உண்டு. இப்போதைய மல்ட்டிபாத் டீமன் (பின்னணியில் ஓடும் புரோகிராம்), தன்னுடைய ஃபாஸ்ட் ஐஓ ஃபெயில் டைம்அவுட்டை (இயல்பாக 5 நொடி) எடுத்து ஐஸ்கஸி செஷனின் ரெகவரி டைம்அவுட்டாக (மேலே சொன்ன ரீப்ளேஸ்மென்ட் டைம்அவுட்டேதான்) எழுதிவிடும், அதனால் பலருக்கு இந்த 120 நொடித் தொல்லை கண்ணிலேயே படாது. எங்கள் மல்ட்டிபாத் கான்ஃபிக் ஃபைபர் சேனல் (ஸ்டோரேஜுக்கான இன்னொரு இணைப்பு முறை) இருந்த பழைய சர்வரிலிருந்து வந்தது, அதில் அந்த வரி "ஆஃப்" என்று இருந்தது. ஐஸ்கஸியில் அதை ஆஃப் செய்ய முடியாது என்பதால் டீமன் எதையும் எழுதாமல் விட்டுவிடுகிறது, பழைய 120 அப்படியே நிற்கிறது. கான்ஃபிக் கோப்பைப் படித்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. கெர்னலின் நடப்பு மதிப்புகளைக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் ஒவ்வொரு செஷனுக்கும் ரெகவரி டைம்அவுட் என்று ஒரு கோப்பு இருக்கும், இப்போது உண்மையில் ஓடும் மதிப்பு அங்கேதான் தெரியும்.

நாங்கள் இரண்டு இடத்திலும் 5 என்று வைத்தோம். ஐஸ்கஸி டீமனின் கான்ஃபிக் கோப்பில் மாற்றினால் மட்டும் போதாது, ஏற்கனவே கண்டுபிடித்துப் பதிந்து வைத்த டார்கெட்களுக்கு (ஸ்டோரேஜ் பக்கத்து முனைகள்) அது போய்ச் சேராது. அந்த டார்கெட்களின் பதிவுகளையும் (ஐஸ்கஸியில் இவற்றை நோடு ரெக்கார்டு என்பார்கள்) தனியாக அப்டேட் செய்து, லாக்அவுட் ஆகி மறுபடி லாகின் ஆக வேண்டும். ஸ்கஸி கமாண்ட் டைம்அவுட்டையும் 30 நொடியிலிருந்து குறைக்கச் சொல்லும் ஆட்கள் உண்டு. நாங்கள் தொடவில்லை, நோஆப் அதற்கு முன்பே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. ஒரு எச்சரிக்கை: ரூட் டிஸ்க்கே மல்ட்டிபாத் இல்லாத ஐஸ்கஸியில் இருக்கிற மெஷினில் இதைச் செய்யாதீர்கள், அங்கே நேர் எதிராக ரொம்ப நேரம் காத்திருக்க வைப்பதுதான் சரி.

இப்போது ஒரு கன்ட்ரோலர் போனால் பத்துப் பதினைந்து நொடி நிற்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது ஸ்டோரேஜ் முழுசாக மறைவது. மல்ட்டிபாத்தில் நோ பாத் ரீட்ரை (எல்லாப் பாதையும் போனால் எவ்வளவு காத்திருப்பது என்ற அமைப்பு) "க்யூ" என்று இருந்தது. தனி சர்வருக்கு அது நல்ல மதிப்பு. கிளஸ்டரில் விஷம். எல்லாப் பாதையும் போனபின் ஐஓ காலத்துக்கும் வரிசையில் நிற்கும், புராசஸ்கள் டி நிலையில் (கொல்லவும் முடியாத காத்திருப்பு) மாட்டும், அன்மவுண்ட்டும் மாட்டும். இன்னொரு வேடிக்கை, பேஸ்மேக்கரின் ஃபைல்சிஸ்டம் ஏஜென்ட் இயல்பாகப் பார்ப்பது மவுண்ட் ஆகியிருக்கிறதா என்பதை மட்டும்தான். டிஸ்க் போய்விட்டாலும் மவுண்ட் பட்டியலில் பெயர் இருக்கும், ஆகவே கிளஸ்டர் எல்லாம் பச்சை என்று காட்டும். செக் லெவலை 20 என்று வைத்தால்தான் அது உண்மையில் ஒரு கோப்பை எழுதிப் பார்க்கும். அந்த மானிட்டர் தோற்றால் உடனே ஃபென்ஸ் செய் (அந்த நோடை வலுக்கட்டாயமாக நிறுத்து) என்றும் சொல்லிவைத்தோம், ஏனென்றால் டிஸ்க் இல்லாத நோடில் அழகாக நிறுத்த முயன்று ஸ்டாப் டைம்அவுட் தீரும் வரை காத்திருப்பது வீண்.

நோ பாத் ரீட்ரைக்கு எங்கள் மதிப்பு 6, செக்கர் இடைவெளி 5 நொடி, ஆக 30 நொடி. "ஃபெயில்" என்று வைத்தால் இன்னும் வேகம்தானே என்று கேட்கலாம். கன்ட்ரோலர் மாறும்போது சில நொடி இரண்டு பக்கமும் பதில் சொல்லாத நேரம் எங்கள் ஸ்டோரேஜில் இருக்கிறது. அந்த இடைவெளியில் ஐஓ எரர் வந்தால் எக்ஸ்எஃப்எஸ் ஷட்டவுன் ஆகிவிடும், இல்லாத விபத்தை நாமே வரவழைத்த மாதிரி. முழு அமைப்புக்கும் இந்தக் கணக்குத்தான்: கீழ் அடுக்கு கைவிட்ட பிறகே மேல் அடுக்கின் பொறுமை தீர வேண்டும். மானிட்டர் டைம்அவுட் இந்த 30 நொடியை விட அதிகமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெறும் பாதை மாற்றத்துக்கே நோடு அடி வாங்கும்.

இடையில் ஸ்விட்ச்சிலும் ஒன்று அகப்பட்டது. கன்ட்ரோலர் ரீபூட் ஆகி லிங்க் வந்தபிறகும் ஸ்பானிங் ட்ரீ (ஸ்விட்ச்களுக்கு இடையே வளையம் வராமல் தடுக்கும் முறை) காரணமாக அந்த போர்ட் 30 நொடி எதையும் கடத்தாது, லிசனிங் 15, லேர்னிங் 15. ஃபர்ம்வேர் அப்கிரேடில் முதல் கன்ட்ரோலர் வந்துவிட்டது என்று ஸ்டோரேஜ் நினைத்து இரண்டாவதை இறக்கும்போது முதல் பாதை இன்னும் திறந்திருக்காது. ஸ்டோரேஜ் போர்ட்களை எட்ஜ் போர்ட்டாக (இந்தக் காத்திருப்பு இல்லாத போர்ட்) மாற்றியதும் சரியானது.

நோடு சாவதற்கு வருவோம். கோரோசிங்க் டோக்கன் (நோடுகள் சுற்றி அனுப்பும் செய்தி வராவிட்டால் எவ்வளவு காத்திருப்பது என்ற மதிப்பு) 30000 மில்லிசெகண்ட், அதாவது 30 நொடி, என்று இருந்தது. கிளவுட் விஎம்களுக்கு (மெய்நிகர் சர்வர்கள்) அப்படி வைக்கச் சொல்வார்கள், அங்கே பராமரிப்பின்போது விஎம் சில நொடி உறையும் என்பதால் நியாயமும் உண்டு. எங்களுடையது நிஜ சர்வர், அந்தத் தேவையே இல்லை. கான்சென்சஸ் டைம்அவுட் (மிச்சமுள்ள நோடுகள் யார் என்று முடிவெடுக்கும் நேரம்) தனியாகக் கொடுக்காவிட்டால் டோக்கனைப் போல் 1.2 மடங்கு, அதாவது 36 நொடி. நோடு செத்தால் டோக்கன் தீர்ந்து, அப்புறம் கான்சென்சஸும் தீர வேண்டும். 66 நொடிக்கு ஃபென்சிங் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது! புதிய கோரோசிங்கின் இயல்பு 3 நொடி, நாங்கள் 5 வைத்தோம், மொத்தம் 11 நொடியில் முடிவு வந்துவிடுகிறது.

ஃபென்சிங்கை மட்டும் யாரும் வெட்டாதீர்கள். அதை ஆஃப் செய்தால் ஃபெயில்ஓவர் வேகமாகத்தான் தெரியும், ஒரே எக்ஸ்எஃப்எஸ்ஸை இரண்டு நோடும் மவுண்ட் செய்யும் நாள் வரை. அதற்குள்ளேயே குறைக்க இடமிருந்தது. ஃபென்சிங்கில் வரும் பவர் பட்டன் சிக்னலை சிஸ்டம்டி பிடித்துக்கொண்டு மெதுவாக ஷட்டவுன் செய்யாமல் இருக்க, லாகின்டி கான்ஃபிக்கில் பவர் கீயை இக்னோர் என்று வைத்தோம். இரண்டு நோடும் ஒன்றையொன்று ஒரே நேரத்தில் ஃபென்ஸ் செய்து சுட்டுக்கொள்ளாமல் இருக்க ஒரு பக்கம் கொடுத்திருந்த 15 நொடி டிலேயை 5 ஆக்கினோம், ஆக்டிவ் நோடு உண்மையிலேயே செத்த நாளில் அந்த டிலே அப்படியே நம் தலையில்தான் விழும்.

கடைசியில் மீதியிருந்தது போஸ்ட்கிரெஸ். டிஸ்க் சோதனை ஓட ஆரம்பித்தும் இன்சர்ட் சோதனை ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றது. லாகில் ரீடூ (கிராஷுக்குப் பின் மாற்றங்களை மறுபடி ஓட்டுவது) ஆரம்பித்த வரிக்கும் முடிந்த வரிக்கும் உள்ள நேரத்தைப் பார்த்தால் போதும். செக்பாயின்ட் (மாற்றங்களை டிஸ்க்கில் முழுதாக இறக்கும் வேலை) டைம்அவுட் 30 நிமிடம், மேக்ஸ் வால் (WAL, மாற்றங்களை முன்கூட்டியே பதியும் லாக்) சைஸும் தாராளம், அதனால் கிராஷுக்குப் பிறகு ஓட்டிப் பார்க்க வேண்டிய வால் மலையாகக் குவிந்திருந்தது. டேட்டாபேஸ் நிர்வாகியான டிபிஏ முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. செக்பாயின்ட் அடிக்கடி வந்தால் வாலில் முழுப் பக்கமாக எழுதுவது கூடும், அவர் சொன்னதும் நிஜம்தான். பேசிப் பேசி 10 நிமிடத்துக்கு வந்தோம், ரெகவரி இருபது நொடிக்குள் அடங்குகிறது.

அதே கிளஸ்டரில் ஒரு என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழிக் கோப்பு) பகிர்வும் இருக்கிறது. அங்கே வெர்ஷன் நாலின் கிரேஸ் காலம் இயல்பாக 90 நொடி, அதுவரை பழைய லாக்குகளைத் திரும்பக் கேட்பது தவிர புது ஓப்பன்கள் நிற்கும். கிரேஸையும் லீஸையும் (கிளையண்டின் லாக் புதுப்பிக்காமல் செல்லும் காலம்) சேர்த்துக் குறைக்க வேண்டும், ஒன்றை மட்டும் குறைக்கக் கூடாது. இரண்டு நோடிலும் 20 வைத்திருக்கிறோம்.

இப்போது நோடு செத்தால் டேட்டாபேஸ் மறுபடி வர ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. இன்னும் இறக்க வேண்டுமென்றால் ஸ்ட்ரீமிங் ரெப்ளிகா (உடனுக்குடன் புதுப்பிக்கப்படும் டேட்டாபேஸ் நகல்) வைத்து, பகிர்ந்த டிஸ்க்கையே விட்டுவிட வேண்டும். அதற்கான பட்ஜெட் இந்த ஆண்டு கிடைக்கவில்லை.